மெய்யமலைக் கோட்டையின் மர்மங்கள்

புதுக்கோட்டையிலிருந்து காரைக்குடிக்குப் போகிற சாலையில் சுமார் 20 கிலோ மீட்டர் சென்றதும், வெட்டவெளியிலே ஒரு பாறைக் குன்று எழும்பி நிற்பதைக் காணலாம். அதன் உச்சியில் மகுடம் வைத்தாற்போல் ஒரு கோட்டை. கோட்டையின் வெளிமதிலை ஒட்டி, வடக்கு நோக்கி, சாலையைப் பார்த்தபடி ஒரு பைரவர். அந்த வழியே போகிற லாரிக்காரர்களும் கார்க்காரர்களும் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தி, ஒரு கும்பிடு போட்டுவிட்டு, "அப்பாடா, இனி வழித்துணைக்குக் குறைவில்லை" என்று மறுபடி ஏறிக்கொள்கிறார்கள். நம்மில் பெரும்பாலோருக்குத் திருமயம் என்றால் இந்த ஐந்து நிமிஷ தரிசனந்தான்.

இறங்கி, ஒரு பகல் பொழுதை அங்கே கழிக்க மனமுள்ளவர்களுக்கு அந்த ஊர் வேறு கதைகளும் சொல்லும். பேய் வராத பேய்க்கதைகள்! பாழுங்கோட்டை, பூட்டிய அறை, விஷம், வாரிசுச் சண்டை எல்லாம் அவற்றில் உண்டு. அத்தனையும் நடந்தவை. ஊரின் பழைய பெயர் திருமெய்யம். மெய் என்றால் உண்மை, வடமொழியில் சத்தியகிரி. உண்மை மலை என்று பெயர் வைத்துக்கொண்ட ஊருக்குக் குடும்ப ரகசியங்களைப் பற்றிப் பேச உரிமை இல்லாமலா போகும்?

பஸ்ஸில் ஒரு நாவல்

இந்தத் தடவை நான் தனியாகப் போகவில்லை. என் அக்காள் பெண்கள் இருவரும் கூட வந்தார்கள். மூத்தவளுக்கு 16 வயது, இளையவளுக்கு 13. மூத்தவள் கையில் ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகம். அட்டை முழுவதும் ஒரே இருட்டு. இருட்டுக்குள் ஒரு மாளிகை. மாளிகையின் ஒரே ஒரு ஜன்னலில் மட்டும் வெளிச்சம். திருச்சியில் பஸ் ஏறியதிலிருந்து அவள் தலை நிமிரவே இல்லை.

"என்னம்மா அது, சாப்பாட்டைக்கூட மறக்கடிக்கிற புத்தகம்?" என்று கேட்டேன்.

"கோதிக் நாவல், மாமா."

இளையவள் வியாக்கியானம் செய்தாள்: "ஒரு பெரிய வீடு இருக்கும் மாமா. அதிலே யாரும் போகக் கூடாத ஓர் அறை இருக்கும். ராத்திரியிலே அங்கேயிருந்து சத்தம் வரும். பெரியவங்களைக் கேட்டா, 'ஒண்ணுமில்லே, காத்து'ன்னு சொல்லுவாங்க. அக்காவும் தங்கச்சியும் சேர்ந்து கண்டுபிடிப்பாங்க."

அந்த இலக்கிய வகையை இதைவிடச் சுருக்கமாக எந்தப் பேராசிரியரும் விளக்கிவிட முடியாது!

இத்தகைய கதைகளின் மூலபுருஷர் ஹொரேஸ் வால்போல் என்னும் ஆங்கிலேயர். 1764ல் அவர் எழுதிய 'ஒட்ரான்டோ கோட்டை' என்னும் நாவலில், பிறருக்கு உரிய கோட்டையில் உட்கார்ந்துகொண்டு தன் வம்சம் தழைக்க வேண்டுமே என்று தவிக்கும் ஒருவனைக் காணலாம். 1847ல் சார்லட் பிராண்டி 'ஜேன் அயர்' எழுதினார். அதில் மாளிகையின் மேல்தளத்தில் பூட்டி வைக்கப்பட்டிருப்பவள் எஜமானரின் முதல் மனைவி, ஜமைக்காத் தீவிலிருந்து வந்தவள். அவளுக்குப் பைத்தியம் என்று மற்றவர்கள் சொல்வதைத்தான் நாம் கேட்கிறோம். அவள் தரப்பைச் சொல்ல அந்த நாவலில் ஒருவருமில்லை. மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான டொமினிகாவில் பிறந்த ஜீன் ரீஸ் என்னும் மாது 1966ல்தான் அந்த மனைவியின் கதையைத் தனி நாவலாக எழுதினார். பூட்டிய அறைக்குள் இருந்தவளுக்கு வாய் திறக்க 119 வருஷம் பிடித்தது!

சார்லட்டும் அவருடைய தங்கைகள் எமிலியும் ஆனும் ஒரே வீட்டில் உட்கார்ந்து எழுதியவர்கள். பெண்கள் எழுதியது என்று தெரிந்தால் மதிப்புக் குறையும் என்று மூவரும் ஆண்பிள்ளைப் புனைபெயர் வைத்துக்கொண்டார்கள். ஆகவே, சகோதரிகளுக்கும் ரகசியத்துக்கும் இந்த வகைக் கதையில் ஆதி நாளிலிருந்தே சொந்தம் உண்டு.

இன்று ஆங்கிலத்தில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கென்றே இத்தகைய நாவல்கள் வருகின்றன. அவற்றில் பூட்டிய அறையைத் திறந்தால் பல சமயங்களில் பேய் இருப்பதில்லை. குடும்பம் ஒப்புக்கொள்ள வெட்கப்பட்ட ஒரு மனுஷிதான் இருக்கிறாள். நிறம் வேறு, இனம் வேறு என்பதற்காகக் குடும்பப் படத்திலிருந்து கத்தரித்து எறியப்பட்டவள்.

"நம்ப ஊரிலே இந்த மாதிரிக் கதை கிடையாதா, மாமா?" என்று மூத்தவள் கேட்டாள்.

"கிடையாதாவது! இப்போது அந்தக் கதைக்குள்ளேதான் போய்க்கொண்டிருக்கிறோம்" என்றேன். பஸ் திருமயத்தில் நின்றது.

ஒரே பாறை, இரண்டு கோயில்

கோட்டைக்கு முன் கோயில். உச்சிக்காலம் ஆகிவிட்டால் நடை சாத்திவிடுவார்களே! குன்றின் தென்சரிவில் ஒரே பாறையைக் குடைந்து இரண்டு கோயில்கள். ஒன்றில் சத்தியகிரீசுவரர், பக்கத்தில் சத்தியமூர்த்திப் பெருமாள். பெருமாள் கோயிலில் நின்ற கோலமும் உண்டு, குகைக்குள் அரவணையில் பள்ளிகொண்ட கோலமும் உண்டு. பள்ளிகொண்டவரைச் சுற்றிப் பாறையிலேயே தேவர்களும் முனிவர்களும் அசுரர்களும் நிறைந்திருக்கிறார்கள். பெருமாளின் உறக்கத்தைக் கெடுக்க வந்த மதுவையும் கைடபனையும் ஆதிசேஷன் தன் விஷ மூச்சால் விரட்டிய கதையை அர்ச்சகர்கள் சொல்வார்கள். திருமங்கையாழ்வார் பாடிய ஸ்தலம் இது. 1887ல் இந்த ஊரில் பிறந்து, பெருமாளின் பெயரையே தாங்கி, பிற்காலத்தில் தேசத்துக்கே பெரிய நாவலராக விளங்கிய தீரர் சத்தியமூர்த்தியையும் நினைத்துக்கொள்ள வேண்டிய இடம்.

ஒரே பாறையில் பிறந்த இந்த இரண்டு கோயில்களுக்கும் ஒரு காலத்தில் ஓயாத வழக்கு. வருமானத்திலும் நிலத்திலும் தகராறு. 1245ல் ஹொய்சளத் தளபதி அப்பண்ண தண்டநாயகர் முன்னிலையில் அது தீர்க்கப்பட்டதைக் கல்வெட்டு சொல்கிறது. உடன்பிறந்தவர்களுக்குள் பங்குச் சண்டை வந்தால் மத்தியஸ்தத்துக்கு வெளியூர்க்காரர்தான் வர வேண்டியிருக்கிறது!

கோயில் வாசலில் ஒரு வயதான அம்மாள் பூ விற்றுக்கொண்டிருந்தார். இரண்டு முழம் கேட்டேன். அவர் என் மருமக்களை மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டும் ஒரே வீட்டுப் புள்ளைகளா, தம்பி?"

"ஆமாம், அக்காளும் தங்கையும்."

"அப்படித் தெரியலையே! சின்னது செக்கச் செவேல்னு ராசாத்தி கணக்கா இருக்கு. பெரியது நெறங்கம்மியில்ல!"

அந்த அம்மாள் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. நம் வீட்டு அத்தைமார்களும் பாட்டிமார்களும் தினம் சொல்வதைத்தான் சொன்னார். குழந்தை பிறந்ததும், "பெண்ணா, பிள்ளையா?" என்பதற்கு அடுத்த கேள்வி நம்மிடம் என்ன? "என்ன நிறம்?" என்பதுதானே? கல்யாண விளம்பரங்களில் 'நல்ல சிவப்பு' என்பதைப் படிப்புக்கும் சம்பளத்துக்கும் சமமாக அச்சிடுகிறோமே!

மூத்தவள் ஒன்றும் பேசவில்லை. கையிலிருந்த புத்தகத்தின் பக்கங்களைக் கட்டைவிரலால் புரட்டிக்கொண்டிருந்தாள். இளையவள்தான் பதில் சொன்னாள்: "பாட்டி, எங்க ரெண்டு பேருக்கும் ஒரே அளவாப் பூ குடுங்க. அக்காவுக்கு முதல்லே."

பூக்கார அம்மாள் சிரித்துக்கொண்டே அளந்தார். மூத்தவள் தலையில் தம் கையாலேயே வைத்தும்விட்டார்.

தங்கையால் வந்த சீமை

கோட்டைக்குள் நுழைந்தோம். ஒரு காலத்தில் ஏழு சுற்று மதில் இருந்ததாம். இன்று மிஞ்சியிருப்பவை சில. தொல்பொருள் இலாகாவின் பாதுகாப்பில் இருப்பதால் துப்புரவாக இருக்கிறது. ஏறுகிற வழியில், பாறையின் இடுப்பில் ஒரு சதுரக் குகை. அதற்குள் ஒரு சிவலிங்கம். இரும்பு ஏணி வழியாகத்தான் ஏறிப் பார்க்க வேண்டும். வெடிமருந்து வைத்திருந்த கட்டடமும் இருக்கிறது. மரநிழல் குறைவு, உச்சி வெயிலில் பாறை தோசைக்கல்லாகக் காய்கிறது. ஆனாலும் காற்று இருக்கிறதே, அது காசு கொடுத்தாலும் கிடைக்காத காற்று.

நிழல் கண்ட இடத்தில் உட்கார்ந்து முதல் கதையைத் தொடங்கினேன்.

இந்தக் கோட்டையை 1687ல் கட்டியவர் ராமநாதபுரத்துக் கிழவன் சேதுபதி. தம் சீமையின் வடகோடிக்குக் காவலாகக் கட்டினார். அவர் மறவர் குலத்தவர். அவர் மணந்த மனைவியரில் ஒருத்தி காதலி நாச்சியார். அவள் கள்ளர் குலத்தவள், ரகுநாதத் தொண்டைமானின் உடன்பிறந்தவள். இரண்டும் வீரக்குடிகள்தாம். ஆனால் ஒரு குடியில் இன்னொரு குடி பெண் எடுப்பது அன்றைக்கு எளிதில் நடக்கிற காரியமா? நடந்தது. மைத்துனருக்குச் சேதுபதி புதுக்கோட்டைப் பகுதியைக் கொடுத்தார். 1686ல் தொடங்கியதாகச் சொல்லப்படும் அந்தத் தொண்டைமான் பரம்பரை, 1948 மார்ச் 3ந் தேதி சமஸ்தானம் இந்திய யூனியனோடு இணைந்த வரைக்கும், 262 வருஷம் ஆண்டது.

"அப்படின்னா, அந்த ராஜ்யமே தங்கச்சியாலே வந்ததா?" என்று இளையவள் துள்ளினாள்.

"ஆமாம். ஆனால் தொண்டைமான்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். காதலி நாச்சியாருக்குப் பெரும்பாலும் ஒரு வரியோடு சரி."

"ஜன்னல்லே வெளிச்சம் மட்டும் தெரியுது. உள்ளே யாருன்னு தெரியலே" என்றாள் மூத்தவள், தன் புத்தகத்தின் அட்டையைப் பார்த்துக்கொண்டே.

கதை அதோடு முடியவில்லை. 1710ல் கிழவன் சேதுபதி காலமானார். அவருடைய மனைவியர் 47 பேர் உடன்கட்டை ஏறினார்கள் என்று அக்காலத்து ஏசு சபைப் பாதிரியார் ஒருவருடைய கடிதம் கூறுகிறது. நாற்பத்தேழு பெண்கள்! நாவலாசிரியர் எவராவது இப்படி எழுதினால், "கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டீர்களே" என்று பத்திரிகை ஆசிரியர் அடித்துவிடுவார்.

சேதுபதி தம் மகன் பவானி சங்கரனுக்குப் பட்டம் கட்ட விரும்பினார். ஆனால் அவன் முறைப்படியான மனைவிக்குப் பிறந்தவன் அல்லன் என்று ஊர் ஒப்பவில்லை. விஜயரகுநாதர் பட்டத்துக்கு வந்தார். அவரும் காலமான பிறகு வெடித்த வாரிசுப் போரில் ஒரு கட்சிக்கு உதவி செய்ததற்குக் கூலியாகத்தான் திருமயம் தொண்டைமானின் கைக்கு வந்து சேர்ந்தது. 1733ல் தஞ்சாவூர்ப் படை புதுக்கோட்டைச் சீமையையே விழுங்கிவிட்டபோது, தொண்டைமான் தஞ்சம் புகுந்து, முற்றுகையில் தாக்குப் பிடித்தது இந்தக் கோட்டையில்தான்.

இன்னொரு வேடிக்கையையும் கேளுங்கள். ஊர் ஜனங்கள் இதை 'ஊமையன் கோட்டை' என்கிறார்கள். ஊமையன் என்றால் வீரபாண்டியக் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை. 1799ல் கட்டபொம்மனைப் பிடித்துக் கும்பினியாரிடம் ஒப்படைத்தவர்கள் புதுக்கோட்டைத் தொண்டைமானின் ஆட்கள். 1801ல் ஊமைத்துரையும் தூக்கிலிடப்பட்டார். அண்ணனைக் காட்டிக் கொடுத்த சமஸ்தானத்தின் கோட்டைக்கு, ஜனங்கள் தம்பியின் பெயரைச் சூட்டி வைத்திருக்கிறார்கள்! எந்தக் குடும்பமும் சில விஷயங்களை வாய்விட்டுச் சொல்லாது. ஊர் வாய் அதை வேறு பெயரில் சொல்லிவிடும்.

அரளிப் பூ

உச்சிக்கு வந்துவிட்டோம். அங்கே ஒரு கொத்தளத்தின் மேல் பழைய பீரங்கி ஒன்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. சுற்றிலும் கண்ணுக்கு எட்டிய மட்டும் கண்மாயும் பொட்டலும் பனைமரமும். வடக்கே புதுக்கோட்டைத் திசை. அந்தத் திசையைக் காட்டித்தான் இரண்டாவது கதையைச் சொன்னேன்.

மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் புதுக்கோட்டை ராஜா. 1875ல் பிறந்தவர். அவரே மகன் வழியில் வந்த வாரிசு அல்லர். முந்திய ராஜா ராமச்சந்திரத் தொண்டைமானின் மகள் வயிற்றுப் பேரர், சுவீகாரம் வந்தவர். 1915ல் அவர் ஆஸ்திரேலியாவுக்குப் போயிருந்தபோது, மெல்போர்னைச் சேர்ந்த மோலி ஃபிங்க் என்னும் பெண்ணைச் சந்தித்தார். அவள் ஒரு பாரிஸ்டரின் மகள், வயது இருபது. அந்த வருஷம் ஆகஸ்டு 10ந் தேதி மெல்போர்னில் பதிவுக் கல்யாணம் நடந்தது.

அன்றைய ஆஸ்திரேலியா எப்படிப்பட்ட தேசம் தெரியுமா? வெள்ளையரல்லாதவர் வந்து குடியேறாமலிருக்க 1901லேயே சட்டம் போட்டிருந்தார்கள். வேண்டாதவர் கரையேறினால், ஏதாவது ஓர் ஐரோப்பிய மொழியில் 'சொல்வதை எழுதும்' பரீட்சை வைத்துத் தோற்கடித்து, வந்த கப்பலிலேயே திருப்பி அனுப்பலாம்! வெள்ளைக்காரர்களுக்கு மட்டுமே என்ற அந்தக் கொள்கை 1973ல்தான் முற்றிலும் ஒழிந்தது. அப்படிப்பட்ட தேசத்துப் பெண் ஒருத்தி, தமிழ் நாட்டுக் கறுப்பு மனிதர் ஒருவரின் கைப்பற்றிக் கப்பல் ஏறினாள்.

வந்த இடத்தில் என்ன நடந்தது? ஆங்கில சர்க்கார் அவளை ராணியாக ஏற்கவில்லை. அவள் வயிற்றுப் பிள்ளை பட்டத்துக்கு வருவதையும் விரும்பவில்லை. ஆளுகிற இனத்துப் பெண் ஆளப்படுகிறவருக்கு மனைவி ஆனால், ஆட்சியின் ஆணிவேரே ஆடிவிடும் என்ற பயம் அவர்களுக்கு. அரண்மனையிலோ வேறு விதமான பயம். பரம்பரைக்குள் அந்நிய ரத்தம் கலக்கலாமா?

மோலி கர்ப்பமாக இருந்தபோது அவளுக்கு அரளி விஷம் வைக்கப்பட்டது. அரளி எங்கே கிடைக்கும் என்று தேடிப்போக வேண்டாம். வேலியோரத்தில் வீட்டுக்கு வீடு பூக்கிற செடி. அவள் பிழைத்துக்கொண்டாள். 1916ல் ராஜாவும் மோலியும் புதுக்கோட்டையை விட்டே புறப்பட்டுப் போய்விட்டார்கள். அவள் அங்கே வாழ்ந்தது சில மாதங்கள்தான். அந்த ஜூலையில் சிட்னி நகரில் மகன் பிறந்தான். மார்த்தாண்ட சிட்னி என்று பெயர். தகப்பன் ஊரின் பெயருக்குப் பதிலாகத் தாய்த் தேசத்து நகரம் ஒன்று அவன் பெயரில் ஒட்டிக்கொண்டது.

அதன் பிறகு ராஜாவின் வாழ்க்கை ஆஸ்திரேலியாவிலும் லண்டனிலும் பிரான்ஸிலும் கழிந்தது. சமஸ்தானத்தை அவருடைய சகோதரர் விஜயரகுநாத துரைராஜா ரீஜண்டாக இருந்து கவனித்தார். 1928 மே மாதம் ராஜா பாரிஸில் காலமானார். அவர் உடல் புதுக்கோட்டைக்கு வரவில்லை. லண்டனில் கோல்டர்ஸ் கிரீன் என்னும் இடத்தில் தகனமாயிற்று. பதினொரு வயது மகன் உயிரோடு இருக்க, குடும்பத்தின் வேறொரு கிளையில் பிறந்த ஆறு வயதுச் சிறுவன் ராஜகோபாலத் தொண்டைமானுக்கு அந்த வருஷமே பட்டம் கட்டினார்கள். மோலி மறுமணம் செய்துகொள்ளவில்லை. 1967ல் பிரான்ஸில் கான் நகரில் காலமானாள். அவளுடைய அஸ்தியையும் கணவருடைய அஸ்தி இருந்த இடத்திலேயே சேர்த்தார்கள்.

காதலி நாச்சியாரின் கல்யாணம் ஒரு கோட்டைத் தாண்டியது; ராஜ்யம் பிறந்தது. மோலியின் கல்யாணம் இன்னொரு கோட்டைத் தாண்டியது; ஒரு பிள்ளைக்கு ராஜ்யம் போயிற்று. இரண்டு கதைகளுக்கும் நடுவில் 200 வருஷத்துக்கு மேல் இடைவெளி. கோடு மட்டும் அழியவில்லை.

ஜெயித்தவர்

"எல்லாமே சோகமாவே முடியுதே, மாமா. யாரும் ஜெயிக்கலையா?" என்றாள் இளையவள்.

ஜெயித்தவரும் இருக்கிறார். அதே ராஜா, அதே புதுக்கோட்டை. அங்கே 1886ல் முத்துலட்சுமி என்ற பெண் பிறந்தாள். தகப்பனார் மகாராஜா கல்லூரியின் தலைமை ஆசிரியராக இருந்த பிராமணர். தாயார் சந்திரம்மாள் இசை வேளாளர் குலத்தில் வந்தவர். அந்தப் பெண் கல்லூரியில் சேர விண்ணப்பம் போட்டதும் ஊரில் எதிர்ப்புக் கிளம்பியது. ஆண்பிள்ளைகள் படிக்கிற இடத்தில் பெண்ணா? அதிலும் இப்படிப்பட்ட பிறப்புள்ள பெண்ணா? மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான், "சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று உத்தரவிட்டார்.

அந்தப் பெண்தான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1912ல் சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்றார். சென்னை சட்டசபையில் துணைத் தலைவராக அமர்ந்தார். பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டிவிடும் வழக்கத்தை ஒழிக்கப் போராடினார்; 1947ல் சட்டம் வந்தது. தம் தங்கை புற்றுநோயால் துடித்து மாண்டதைக் கண்ணால் கண்டவர், அந்தத் துக்கத்தை மறக்காமல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையை எழுப்பினார். 1954லிருந்து அது எத்தனையோ வீட்டு அக்காள் தங்கைகளைக் காப்பாற்றி வருகிறது.  பூட்டிய அறையிலிருந்து ஒரு பெண் தானே கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தால் எத்தனை பேருக்கு நன்மை, பாருங்கள்.

பரண் மேல் ஒரு பெட்டி

வெயில் சாயத் தொடங்கியது. பீரங்கியின் மேல் சாய்ந்துகொண்டு நின்ற மூத்தவள் திடீரென்று கேட்டாள்:

"மாமா, நம்ப வீட்டிலே பூட்டின அறை இருக்கா?"

சாதாரணமாக, இத்தகைய கேள்விக்கு நம்மிடம் தயாராக ஒரு பதில் உண்டு: 'சின்னப் பிள்ளைகளுக்கு எதற்கு அதெல்லாம்?' ஆனால் உண்மை மலையின் உச்சியில் நின்றுகொண்டு அதைச் சொல்ல நாக்கு எழவில்லை. என் பெரியப்பா கண்ணை மூடுமுன் என்னிடம் சொல்லிவிட்டுப் போனதை அவர்களுக்குச் சொன்னேன்.

எங்கள் கிராமத்து வீட்டுப் பரணில் ஒரு தகரப்பெட்டி இருக்கிறது. அதற்குள் ரங்கூனில் எடுத்த ஒரு போட்டோ. தலைப்பாகை கட்டி நாற்காலியில் அமர்ந்திருப்பவர் என் தாத்தாவின் தகப்பனார். அங்கே ஒரு கிட்டங்கியில் கணக்கு எழுதியவர். பக்கத்தில் கொண்டையில் பூ வைத்த ஒரு பர்மியப் பெண். முன்னால் கைகோத்து நிற்கும் இரண்டு சிறுமிகள். யார் என்று கேட்டவர்களுக்கெல்லாம், "முதலாளி வீட்டு ஆட்கள்" என்றே எங்கள் வீட்டில் பதில் சொல்லி வந்தார்கள். அவள் அவருடைய மனைவி. சிறுமிகள் அவருடைய மக்கள். 1941 டிசம்பரில் ஜப்பானியர் ரங்கூனில் குண்டு போட்ட பிறகு, லட்சக்கணக்கான இந்தியர்கள் காடும் மலையும் கடந்து நடந்தே தாய்நாடு திரும்பினார்கள் அல்லவா? அவரும் அப்படி வந்தார். தனியாக வந்தார். இங்கே மறுபடியும் குடித்தனம் நடத்தினார். என் தாத்தா பிறந்தார். ரங்கூன் என்ற வார்த்தையை அதற்கப்புறம் அந்த வீட்டில் யாரும் உச்சரிக்கவில்லை.

இளையவள் விரல் விட்டு எண்ணினாள். "அப்போ, உங்க தாத்தாவுக்கு ரெண்டு அக்கா இருந்திருக்காங்க! அவங்க பேரு?"

"போட்டோவின் பின்பக்கம் பென்சிலால் எழுதியிருக்கிறது. பர்மிய எழுத்து. யாரும் படித்துப் பார்க்கவில்லை."

மூத்தவள் வெகுநேரம் கழித்துப் பேசினாள். "அவங்களையும் யாராவது கேட்டிருப்பாங்க இல்லே, மாமா? 'நீங்க எந்த வீட்டுப் புள்ளைங்க?'ன்னு."

நான் பதில் சொல்லவில்லை. இளையவள் அக்காளின் தலையில் நழுவியிருந்த பூச்சரத்தைச் சரியாகச் செருகிவிட்டாள். மூவரும் இறங்கினோம்.

இப்போது அந்தப் படம் சட்டம் போட்டு என் அக்காள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. மாட்டுவதற்கு முன் என் அக்காள் தயங்கினாள். "நாளைக்கு இந்தப் பெண்களுக்குச் சம்பந்தம் பேச வருகிறவர்கள் பார்த்துவிட்டு, யார் இது என்று கேட்டால்?" என்றாள்.

"கேட்டா, சொல்லுவோம்" என்றாள் மூத்தவள். பர்மிய எழுத்துப் படிக்கத் தெரிந்தவர்களைச் சகோதரிகள் இருவரும் இப்போது தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

திருமயத்துக்குப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். திருச்சி, புதுக்கோட்டை, காரைக்குடியிலிருந்து பஸ் வசதி உண்டு. ராமேசுவரம் ரெயில் பாதையில் திருமயம் ஸ்டேஷனும் இருக்கிறது. காலையில் கோயில்களை முடித்துக்கொண்டு, வெயில் தாழக் கோட்டை ஏறுவது உத்தமம். குடிக்கத் தண்ணீர் அவசியம் எடுத்துச் செல்லுங்கள். புதுக்கோட்டைத் திருக்கோகர்ணத்தில் 1910ல் தொடங்கிய மியூசியத்தையும் பார்த்துவிட்டு வரலாம். வீட்டில் வயது வந்த பெண்கள் இருந்தால் கட்டாயம் அழைத்துப் போங்கள். அவர்கள் கேட்கிற கேள்விக்கு ஒளிக்காமல் பதில் சொல்லுங்கள். கோட்டைக்குள் நுழையச் சீட்டு வாங்க வேண்டும். உங்கள் வீட்டுப் பரணில் ஏறிப் பார்க்கச் சீட்டு வேண்டியதில்லை. ஓர் ஏணி போதும்.